ராஜ்தூத் 350 டைமிங் தொல்லைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யமஹா ஆர்டி350பி மோட்டார் சைக்கிளை எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1983-இல் ராஜ்தூத் 350 என்று பெயர் மாற்றி இங்கே கொண்டுவந்தது. 347 சிசி, ரெண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், ஆறு கியர். மைலேஜ் பார்த்து வண்டி வாங்குகிற நாட்டில் இது ரொம்ப நாள் ஓடவில்லை, ஆனால் சோழவரம் ரேஸ் பார்த்தவர்கள் யாரும் அந்தச் சத்தத்தை மறக்கவும் இல்லை. இன்றைக்கு அதை வைத்திருப்பவர்கள் கேட்கிற கேள்வியில் பாதி டைமிங் பற்றித்தான். டைமிங் என்று நினைத்துக்கொண்டு வேறு எதையோ கேட்கிறவர்களும் அதில் உண்டு. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே இடத்தில் பதில்.

இடது, வலது என்று எழுதியிருப்பதெல்லாம் சீட்டில் உட்கார்ந்து பார்க்கும்போது வரும் இடது வலது.

இந்த வண்டியில் டைமிங் என்றால் சரியாக என்ன?

பிஸ்டன் மேலே ஏறி உச்சியைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்னாடியே பிளக்கில் பொறி விழவேண்டும். அந்தக் "கொஞ்சம்" எவ்வளவு என்பதுதான் டைமிங். ஆர்டி350-க்கு அது உச்சிக்கு 2.0 மி.மீ. முன்னால். கிராங்க் (பிஸ்டன் சுற்றவைக்கிற தண்டு) கோணத்தில் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 20 டிகிரி வரும். அந்த இடத்தில் பிஸ்டன் 0.2 மி.மீ. நகர்ந்தால் கிராங்க் ஒரு டிகிரி திரும்பியிருக்கும், இந்தக் கணக்கை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே உதவும்.

முக்கியமான விஷயம் என்னவென்றால் இதில் ஆட்டோ அட்வான்ஸ், அதாவது டைமிங்கைத் தானாக முன்னால் தள்ளுகிற அமைப்பு, கிடையாது. ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிகளில் வேகம் கூடக்கூட டைமிங்கை முன்னால் தள்ள வெயிட்டும் ஸ்பிரிங்கும் இருக்கும். இதில் ஐடிலிங்கிலும் அதே 2 மி.மீ., 7000 ஆர்பிஎம்மிலும் அதே 2 மி.மீ. அதனால் எஞ்சின் நிற்கும்போது வைக்கிற டைமிங்தான் கடைசிவரை. அது ஒரு வசதி. ஆபத்தும் அதுவேதான், தப்பாக வைத்தால் எல்லா வேகத்திலும் தப்பு.

ரெண்டு சிலிண்டருக்கும் சேர்த்து ஒரே தடவையில் வைக்க முடியாதா?

முடியாது. ரெண்டு பாயிண்ட் (திறந்து கரண்டைத் துண்டித்துப் பொறி வரவைக்கிற சுவிட்ச்), ரெண்டு கன்டென்சர் (பாயிண்ட் முகம் எரியாமல் காப்பது), ரெண்டு காயில் (பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தருவது). பாயிண்டைத் தள்ளித் திறக்கிற கேம் மட்டும்தான் பொது. கிராங்க் 180 டிகிரி என்பதால் ஒரு பிஸ்டன் மேலே இருக்கும்போது இன்னொன்று கீழே இருக்கும், அந்த ஒரே கேம் அரைச் சுற்றுக்கு ஒருமுறை ஒவ்வொரு பாயிண்டாகத் திறந்துவிடும். ஒரு சிலிண்டருக்கு வைத்துவிட்டு "அதுக்கு நேர் எதிரே இன்னொன்று, தானாகச் சரியாக இருக்கும்" என்று விடக்கூடாது. அப்புறம் இது பிரஸ் செய்து சேர்த்த கிராங்க். யாரோ எப்போதோ ரீபில்ட் செய்தபோது அரை டிகிரி முன்னே பின்னே உட்கார்ந்திருக்கலாம். ஒவ்வொரு பிஸ்டனையும் அதனதன் உச்சியிலிருந்து அளந்து, அதனதன் பாயிண்டைத் தனியாக வையுங்கள். ஒரே கிராங்கில் மாட்டிய ரெண்டு சிங்கிள் சிலிண்டர் எஞ்சின் என்று நினைத்தால் வேலை சுலபம்.

டைமிங் தப்பு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அதிகம் அட்வான்ஸ் ஆகியிருந்தால், அதாவது பொறி சீக்கிரமே விழுந்தால், கிக்கர் காலைத் திருப்பி அடிக்கும். ஏற்றத்தில் டாப் கியரில் த்ராட்டில் திறக்கும்போது டின்னில் சின்னக் கல்லைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி ஒரு சத்தம் வரும். ஹெல்மெட் போட்டுக்கொண்டு, இந்த வண்டியின் சைலன்சர் சத்தத்துக்கு நடுவில், அது பலருக்குக் கேட்பதே இல்லை. பிளக்கைக் கழற்றி வெள்ளைப் பீங்கானைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் மிளகுத்தூள் தெளித்தாற்போல் கறுப்புப் புள்ளிகள் இருக்கும், நடுநடுவே மினுமினுவென்று சின்னச் சின்ன உலோக முத்துகள் தெரிந்தால் அது உங்கள் பிஸ்டனிலிருந்து வந்த அலுமினியம். அதற்குமேல் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டவேண்டாம்.

ரிடார்ட் ஆகியிருந்தால், அதாவது பொறி தாமதமாக விழுந்தால், வண்டி சோம்பும். கிக் நன்றாக எடுக்கும், ஐடிலிங் நிற்கும், ஆனால் பிக்கப்பில் அந்த வழக்கமான தூக்கல் இருக்காது. சூடெல்லாம் எக்ஸாஸ்ட் வழியாகப் போவதால் பைப்பின் வளைவு நீலம் பாயும். எஞ்சின் உடனே கெட்டுவிடாது, பெட்ரோலும் பொறுமையும்தான் தீரும்.

ஒரு சிலிண்டர் மட்டும் தப்பாக இருந்தால் ஐடிலிங்கில் ஒரு பக்கம் நொண்டும். ஸ்டார்ட் செய்து அரை நிமிஷம் விட்டு ரெண்டு பைப்பின் வளைவிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். ஒன்றில் சுர்ரென்று ஆவியாகி, இன்னொன்றில் மெதுவாக வழிந்தால் எந்தப் பக்கம் வேலை செய்யவில்லை என்று தெரிந்துவிடும்.

எங்க ஏரியா மெக்கானிக் காதாலேயே டைமிங் வைத்துவிடுவார். அது போதாதா?

போதாது. கைத்திறமையைக் குறை சொல்லவில்லை, இந்த எஞ்சினின் குணம் அப்படி. டைமிங்கை அட்வான்ஸ் பக்கம் நகர்த்தினால் வண்டி கூர்மையாகும், த்ராட்டில் தொட்டவுடன் துள்ளும், காதுக்கும் நன்றாக இருக்கும். காதை நம்புகிறவர் அந்தத் திசையிலேயேதான் போவார். 2.0 வைக்கவேண்டிய இடத்தில் 2.6 வைத்தால் ஏறக்குறைய 3 டிகிரி அதிகம். ஊருக்குள் ஓட்டும்வரை பிரமாதமாக இருக்கும். ஜிஎஸ்டி சாலையில் ஏறி மதிய வெயிலில் கால்மணி நேரம் முழு த்ராட்டிலில் போனால் பிஸ்டன் தலையில் ஓட்டை. "நேற்றுவரை நல்லாத்தான் ஓடிச்சு" என்று வருகிற வண்டிகளில் பல இப்படித்தான். டூ ஸ்ட்ரோக்கில் தப்பான டைமிங் சில சமயம் சரியான டைமிங்கைவிட நன்றாக ஓடும், அதுதான் சிக்கலே.

நல்ல மெக்கானிக் என்றால் டயல் கேஜ் (பிஸ்டன் நகர்வை மி.மீ. கணக்கில் ஊசியால் காட்டுகிற கருவி) வைத்திருப்பார். இல்லையென்றால் நீங்களே ஒன்று வாங்கிக்கொண்டு போங்கள், பிஸ்டன் செட்டும் சிலிண்டரைக் குடைகிற போர் செலவும் சேர்ந்தால் அதைவிடப் பல மடங்கு ஆகும்.

டைமிங்கைத் தொடுவதற்கு முன்னால் என்ன பார்க்கவேண்டும்?

பாயிண்ட். எப்போதும் முதலில் பாயிண்ட். இடது பக்க ஆல்டர்னேட்டர் கவரைக் கழற்றினால் ரெண்டும் கண்முன்னே இருக்கும்.

முகம் கறுத்திருக்கிறதா, ஒரு பக்கம் மேடும் எதிர்ப்பக்கம் குழியுமாக இருக்கிறதா என்று பாருங்கள். லேசான கறுப்பு என்றால் பாயிண்ட் ஃபைலால் ஒன்றிரண்டு இழுப்பு போதும், எமரித் தாளைப் போட்டுத் தேய்த்தால் துகள் உள்ளேயே பதிந்து மறுபடி எரியும். ஆழமான குழி என்றால் தூக்கிப்போட்டுப் புதுசு வாங்குங்கள், கூடவே கன்டென்சரையும். மேடு குழி விழுவது பெரும்பாலும் கன்டென்சரின் வேலை.

அடுத்து கேமில் உரசுகிற ஃபைபர் குதிகால். அது தேயத்தேயக் கேப் (பாயிண்ட் முகங்களுக்கு நடுவே உள்ள இடைவெளி) குறையும், கேப் குறைந்தால் பாயிண்ட் தாமதமாகத் திறக்கும், டைமிங் தானாக ரிடார்ட் பக்கம் போகும். "யாருமே தொடவில்லை, எப்படி டைமிங் மாறியது" என்பதற்கு இதுதான் பதில். கேமைத் தொடுகிற ஃபெல்ட் துண்டு காய்ந்து கட்டையாகிவிட்டால் குதிகால் சீக்கிரம் தேயும். அதில் மிகக் கொஞ்சம் கிரீஸ், மிளகு அளவுக்கும் குறைவாக, வைத்தால் போதும். தாராளமாக வைத்தால் சிதறிப் பாயிண்ட் முகத்தில் போய் உட்காரும்.

அப்புறம் கிராங்க் முனையைக் கையால் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப்பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் மெயின் பேரிங் போய்விட்டது, கேமும் சேர்ந்து ஆடும், ஒவ்வொரு சுற்றிலும் டைமிங் ஒவ்வொரு மாதிரி இருக்கும். அந்த வண்டியில் டைமிங் வைப்பது ஓடுகிற ஆற்றில் கோடு போடுகிற வேலை. எஞ்சினை இறக்குங்கள்.

கேப் எவ்வளவு? முதலில் கேப்பா, டைமிங்கா?

கேப் 0.30 முதல் 0.40 மி.மீ., நடுவில் 0.35 வைத்தால் நல்லது. எப்போதும் கேப் முதலில், டைமிங் பிறகு. கேப்பை மாற்றினால் டைமிங் கூடவே மாறும், டைமிங்கை மாற்றினால் கேப் மாறாது, அதனால்தான் இந்த வரிசை. கேப் கூடினால் அட்வான்ஸ், குறைந்தால் ரிடார்ட்.

பாயிண்ட் முழுக்கத் திறந்திருக்கும் இடத்தில்தான் ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடு) நுழைக்கவேண்டும். ஃபீலர் கேஜில் துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய் தடவியிருப்பார்கள், அதைத் துடைக்காமல் பாயிண்டுக்குள் விட்டால் அந்த எண்ணெய்ப் படலம் எரிந்து முகம் கறுக்கும். அளந்து முடித்ததும் ஒரு சுத்தமான விசிட்டிங் கார்டைப் பாயிண்டுக்கு நடுவில் விட்டு ரெண்டு தடவை இழுத்துவிடுங்கள். புதுப் பாயிண்ட் மாட்டும்போதும் இதையே செய்யவேண்டும், பெட்டியிலிருந்து வரும்போது முகத்தில் ஒரு பூச்சு இருக்கும். புதுப் பாயிண்ட் மாட்டியும் கரண்ட் வரவில்லை என்று காயிலை மாற்றியவர்கள் இருக்கிறார்கள்.

சரி, டயல் கேஜ் வைத்து எப்படி வைப்பது? கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.

ரெண்டு பிளக்கையும் கழற்றுங்கள். வண்டி சென்டர் ஸ்டாண்டில், டாப் கியரில். எஞ்சினைத் திருப்பப் பின் சக்கரத்தை முன்பக்கமாகச் சுற்றுங்கள். ரோட்டர் (ஆல்டர்னேட்டரின் சுற்றுகிற பகுதி) போல்ட்டில் ஸ்பானர் போட்டுத் திருப்புகிறவர்கள் உண்டு, ஆனால் இந்த எஞ்சின் இடது பக்கமிருந்து பார்த்தால் கடிகாரத்துக்கு எதிர்த் திசையில் சுற்றும், அந்தத் திசையில் ஸ்பானரைத் தள்ளினால் போல்ட்தான் கழலும். சக்கரமே நல்லது.

14 மி.மீ. மரையுள்ள அடாப்டரை இடது பிளக் துளையில் முறுக்கி டயல் கேஜை மாட்டுங்கள். சக்கரத்தை மெதுவாகச் சுற்றினால் ஊசி ஒரு பக்கமாக ஓடி, நின்று, திரும்பும். நின்று திரும்புகிற அந்த இடம்தான் உச்சி. அங்கே டயலைத் திருப்பிப் பூஜ்ஜியத்தை ஊசிக்கு நேராகக் கொண்டுவாருங்கள். ஒருமுறை முன்னும் பின்னும் ஆட்டி, ஊசி பூஜ்ஜியத்தைத் தாண்டாமல் திரும்புகிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

இப்போது சக்கரத்தைப் பின்பக்கமாகச் சுற்றி ஊசியை 2 மி.மீ.-யைத் தாண்டி 3, 4 வரைக்கும் கொண்டுபோங்கள். பெரும்பாலான டயல் கேஜில் ஊசியின் ஒரு முழுச் சுற்று 1 மி.மீ., அதனால் சுற்றை எண்ணிக்கொண்டே வரவேண்டும், ஒரு சுற்றை விட்டுவிட்டால் கதை மாறிவிடும். பிறகு முன்பக்கமாக மெதுவாகத் திருப்பி, சரியாக 2.0-இல் நிறுத்துங்கள். செயினிலும் கியரிலும் உள்ள தொய்வு எல்லாம் ஒரே பக்கம் இழுபட்டு நிற்கவேண்டும் என்பதற்காகத்தான் இந்தச் சுற்று வழி. கொஞ்சம் தாண்டிப் போய்விட்டால் அப்படியே பின்னால் இழுத்து நிறுத்தாதீர்கள், மறுபடி 4 வரை போய் வாருங்கள்.

அந்த 2.0-இல் பாயிண்ட் திறக்கத் தொடங்கவேண்டும். திறப்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. 12 வோல்ட் சின்ன இண்டிகேட்டர் பல்பு ஒன்றில் ரெண்டு ஒயர் வைத்து, ஒன்றைப் பாயிண்ட் டெர்மினலிலும் இன்னொன்றை எஞ்சின் பாடியிலும் மாட்டி, சாவியைப் போடுங்கள். பாயிண்ட் மூடியிருந்தால் பல்பு எரியாது, திறந்த நொடியில் எரியும். பாயிண்ட் உட்கார்ந்திருக்கிற பிளேட்டின் ஸ்க்ரூக்களை லேசாகத் தளர்த்தி, ஸ்க்ரூடிரைவர் முனையால் பிளேட்டை மயிரிழை நகர்த்தி, பல்பு எரியத் தொடங்குகிற இடத்தில் நிறுத்தி முறுக்குங்கள்.

முறுக்கிய பிறகு மறுபடி அளக்கவேண்டும், இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஸ்க்ரூ இறுகும்போது பிளேட்டையும் கூடவே கொஞ்சம் இழுத்துக்கொண்டு போகும். 2.0-இல் எரிந்த பல்பு முறுக்கியதும் 1.8-இல் எரியும். ரெண்டு மூன்று தடவை போராடித்தான் உட்காரும், கோபப்படாதீர்கள்.

அப்புறம் டயல் கேஜை வலது பக்கம் மாற்றி, அதற்கு உச்சி கண்டுபிடித்து, அதன் பாயிண்டை வையுங்கள். முடிந்ததும் இடதை இன்னொரு தடவை சரிபாருங்கள்.

பல்பு வேலை நடக்கும்போது சாவியைப் போட்டே வைத்திருக்காதீர்கள். பாயிண்ட் மூடியிருக்கையில் காயில் வழியாக 3 ஆம்பியர் அளவுக்குக் கரண்ட் ஓடிக்கொண்டே இருக்கும். காயில் சூடாகும், பேட்டரியும் இறங்கும்.

மல்டிமீட்டர் வைத்தால் பாயிண்ட் திறந்தாலும் மூடினாலும் பீப் அடிக்கிறதே?

பாயிண்ட் ஒயரைக் காயிலிலிருந்து கழற்றாமல் பார்க்கிறீர்கள். காயிலின் பிரைமரி ரெசிஸ்டன்ஸ் ஒருசில ஓம்தான், மீட்டருக்கு அது மூடிய சர்க்யூட் மாதிரித் தெரியும். ஒயரைக் கழற்றிவிட்டு, சாவியை ஆஃப் செய்துவிட்டுப் பாருங்கள்.

டயல் கேஜ் கிடைக்கவே இல்லை. வேறு வழி?

வெர்னியர் காலிப்பரின் வால் பக்கக் கம்பியைப் பிளக் துளையில் விட்டு ஆழம் அளக்கலாம். உச்சியில் ஒரு அளவு, அதைவிட 2 மி.மீ. ஆழத்தில் இன்னொரு அளவு. கை ஆடாமல், சாயாமல் பிடித்தால் ஓரளவு சரியாக வரும். ஸ்போக் கம்பியில் கோடு போட்டு அளக்கிற பழைய முறையில் அரை மி.மீ. தவறு வருவது சாதாரணம், அது ரெண்டரை டிகிரி. நடுரோட்டில் நின்றுபோனால் வீடு வந்து சேர அது போதும், வீட்டில் வைத்துச் செய்யும்போது வேண்டாம்.

பிளேட்டைக் கடைசிவரை தள்ளியும் 2.0 வரவில்லை.

கேப்பை 0.30-க்கும் 0.40-க்கும் நடுவில் கொஞ்சம் கூட்டிக் குறைத்துப் பாருங்கள், அட்வான்ஸ் வேண்டுமானால் 0.40 பக்கம். அதிலும் வரவில்லை என்றால் குதிகால் தேய்ந்துபோன பாயிண்ட், அல்லது வேறு வண்டியின் பாயிண்ட் செட், அல்லது கேம் தன் இடத்தில் சரியாக உட்காரவில்லை. இப்போது சந்தையில் கிடைக்கிற டூப்ளிகேட் பாயிண்டுகளில் குதிகாலின் உயரமே செட்டுக்குச் செட் மாறுகிறது. பழைய ஒரிஜினல் ஸ்டாக் எங்காவது கண்ணில் பட்டால் விலை பார்க்காதீர்கள்.

பாயிண்ட் மாற்றிய பிறகு ஸ்டார்ட்டே ஆகவில்லை, கார்புரேட்டர் பக்கம் படபடவென்று வெடிக்கிறது.

ரெண்டு பாயிண்ட் ஒயரையும் இடம் மாற்றிக் கொடுத்திருக்கிறீர்கள், அல்லது பிளக் ஒயர்கள் மாறியிருக்கின்றன. 180 டிகிரி கிராங்க் என்பதால் இடது பிஸ்டன் உச்சிக்கு வரும் நேரத்தில் வலது பிளக்கில் பொறி விழும், அதாவது வலது பிஸ்டன் அடியில் கிடந்து, போர்ட்டெல்லாம் திறந்திருக்கும் நேரத்தில். பொறி ரெண்டிலும் பளிச்சென்று வருவதால் கரண்டில் குறை இல்லை என்றுதான் தோன்றும். ஒயரின் நிறத்தை நம்பாதீர்கள், இத்தனை வருஷத்தில் எத்தனை பேர் ஒயரிங் மாற்றியிருப்பார்களோ. பாயிண்டிலிருந்து காயில், காயிலிலிருந்து பிளக் என்று கையால் தடவிக்கொண்டே போய்ச் சரிபாருங்கள்.

டைமிங் சரியாக வைத்தாயிற்று, இன்னும் ஒரு சிலிண்டர் மிஸ் ஆகிறது.

ரெட்டை சிலிண்டரில் உள்ள பெரிய வசதியே இதுதான், மாற்றிப் பார்க்க அருகிலேயே இன்னொரு செட் இருக்கிறது. முதலில் பிளக்கை மாற்றுங்கள். இதற்கு வழக்கமாகப் போடுவது என்ஜிகே பி8எச்எஸ். மிஸ்ஸிங் பிளக்கோடு சேர்ந்து இடம் மாறினால் பிளக்தான். மாறவில்லை என்றால் காயிலை மாற்றிப் பார்க்கவேண்டும். இங்கே கவனம்: பிளக் ஒயரை மட்டும் மாற்றினால் மேலே சொன்ன படபட வெடிதான் வரும். பாயிண்ட் ஒயரையும் சேர்த்து மாற்றவேண்டும். இடது பாயிண்ட் வலது காயிலுக்கு, வலது காயிலின் பிளக் ஒயர் இடது பிளக்குக்கு, மற்றதும் அப்படியே. இப்போது மிஸ்ஸிங் பக்கம் மாறினால் காயில் போய்விட்டது.

கன்டென்சருக்கு ஒரு சுலபமான சோதனை உண்டு. இருட்டில் கவரைக் கழற்றிவிட்டு எஞ்சினை ஓடவிட்டுப் பாயிண்டைப் பாருங்கள். ஊசிமுனை அளவு பொறி இருந்தால் சகஜம். நீலமும் மஞ்சளுமாகத் தடித்த பொறி ஒரு பாயிண்டில் மட்டும் தெறித்தால் அந்தப் பக்கக் கன்டென்சரை மாற்றுங்கள், 0.22 மைக்ரோஃபாரட். குளிரில் நன்றாக ஓடி, எஞ்சின் சூடான பிறகு மிஸ் ஆகிற வண்டியில் முதல் சந்தேகம் கன்டென்சர் மேலேயே இருக்கட்டும், அடுத்தது காயில்.

பேட்டரியை மறந்துவிடாதீர்கள். இது பேட்டரி இக்னிஷன், பேட்டரி இறங்கினால் பொறியும் இறங்கும். ஆல்டர்னேட்டரில் கார்பன் பிரஷ் இருக்கிறது, அது தேய்ந்தால் சார்ஜிங் போகும். ராத்திரி ஹெட்லைட் போட்டால் மிஸ்ஸிங், பகலில் ஒன்றுமில்லை என்றால் டைமிங்கைத் தொடவே வேண்டாம், பிரஷ்ஷைப் பாருங்கள்.

இடது சிலிண்டர் மட்டும் அதிகச் சூடாகிறது, த்ராட்டிலை விட்டாலும் ஆர்பிஎம் உடனே இறங்கவில்லை. அட்வான்ஸ் ஆகிவிட்டதா?

அட்வான்ஸ் இல்லை. அது இடது கிராங்க் ஆயில் சீலாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஆல்டர்னேட்டருக்குப் பின்னால் இருக்கிற அந்தச் சீல் காய்ந்து விறைத்தால் அதன் வழியாகக் காற்று உள்ளே ஏறும், பெட்ரோல்-காற்றுக் கலவை மெலியும், எஞ்சின் அனல் கக்கும், ஆர்பிஎம் தொங்கும். கவரைக் கழற்றும்போது பாயிண்ட் பக்கம் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் அதுவே சாட்சி, கிராங்க் கேஸ் அழுத்தத்தில் பெட்ரோலும் ஆயிலும் சேர்ந்து வெளியே வந்து பாயிண்ட் மேல் படிகிறது. பாயிண்டைத் துடைத்துத் துடைத்து டைமிங் வைத்துக்கொண்டே இருப்பார்கள், வாரம் ஒருமுறை. சீலைப் போட்டால் முடிந்தது.

வலது பக்கச் சீல் போனால் கதை வேறு, கியர் ஆயிலை உறிஞ்சும், வலது சைலன்சரில் புகை மேகம் கிளம்பும், கியர் ஆயில் குறைந்துகொண்டே போகும்.

ஒரு எச்சரிக்கை. காற்றுக் கசிவு கண்டுபிடிக்கக் கார்ப் கிளீனர் ஸ்பிரேயை அடிக்கிற பழக்கம் உண்டு. எஞ்சின் ஓடும்போது இடது பக்கம் அதைச் செய்யாதீர்கள். பாயிண்டில் பொறி தெறித்துக்கொண்டே இருக்கிறது, குப்பென்று பிடித்துக்கொள்ளும். எக்ஸாஸ்டையும் கார்புரேட்டர் பக்கத்தையும் அடைத்துவிட்டுக் காற்றழுத்தம் கொடுத்துப் பார்க்கிற சோதனைதான் சரியான வழி. 6 பிஎஸ்ஐ அழுத்தம் 6 நிமிஷம் இறங்காமல் நிற்கவேண்டும் என்பது டூ ஸ்ட்ரோக் ஆட்கள் வைத்திருக்கிற கணக்கு.

இப்போது வருகிற எத்தனால் பெட்ரோலுக்கு டைமிங்கை மாற்றவேண்டுமா?

இந்த எஞ்சின் இங்கே வந்தபோது பெட்ரோலில் ஈயம் இருந்தது. 2000-இல் அது போயிற்று, இப்போது எத்தனால் 20 விழுக்காடு வரை வந்துவிட்டது. எத்தனாலால் ஆக்டேன் குறையாது, அந்தப் பக்கம் பயமில்லை. சிக்கல் கலவையில். எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால் அதே ஜெட்டில் (கார்புரேட்டரில் பெட்ரோல் வருகிற துளை) கலவை மெலியும், மெலிந்தால் சூடு, சூட்டில் நாக்கிங், அதாவது மேலே சொன்ன கல் குலுக்குகிற சத்தம். அதைப் பார்த்துவிட்டு டைமிங்கை ரிடார்ட் செய்கிறவர்கள் நோய்க்கு மருந்து கொடுக்காமல் வலிக்கு மட்டும் கொடுக்கிறார்கள். மெயின் ஜெட்டை ஒரு அளவு பெரிதாக்கிப் பிளக்கின் நிறத்தைப் பாருங்கள். ஸ்டாண்டர்ட் எஞ்சினில் டைமிங் 2.0-விலேயே இருக்கட்டும்.

ஹெட்டை மில் செய்து கம்ப்ரஷன் ஏற்றியிருந்தால், எக்ஸ்பான்ஷன் சேம்பர் (ரேஸ் வண்டி மாதிரி வயிறு புடைத்த சைலன்சர்) மாட்டியிருந்தால் என் கருத்து 1.8-இல் தொடங்குங்கள் என்பதுதான். ஒரு டிகிரி குறைவதால் உங்கள் பின்பக்கத்துக்கு வித்தியாசமே தெரியாது, பிஸ்டனுக்குத் தெரியும்.

கிக் செய்ததும் ஸ்டார்ட் ஆனது, கியர் போட்டால் வண்டி பின்னால் போகிறது. கேலி இல்லை, உண்மையாகவே.

நம்புகிறேன். டூ ஸ்ட்ரோக்கின் போர்ட்டுகளுக்கு எந்தத் திசையில் சுற்றினாலும் ஒன்றுதான். பாதிக் கிக்கில் பிஸ்டன் உச்சியைத் தாண்டாமல் பொறி விழுந்து திருப்பி அடித்தால், சில சமயம் அப்படியே தலைகீழாக ஓடத் தொடங்கிவிடும், சத்தம் கொஞ்சம் கரகரப்பாக இருக்கும். உடனே ஆஃப் செய்யுங்கள். அடிக்கடி நடந்தால் டைமிங் அதிகம் அட்வான்ஸ், இல்லையென்றால் நீங்கள் கிக்கரைப் பயந்து பயந்து மிதிக்கிறீர்கள்.

பாயிண்டைத் தூக்கிவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் மாட்டிவிடலாமா?

தினமும் ஓட்டுகிறவர் என்றால் மாட்டுங்கள். குதிகால் தேய்வது, கேப் மாறுவது, முகம் எரிவது எல்லாம் ஒரே நாளில் போய்விடும். ஆனால் அதற்கும் முதல் தடவை டைமிங் வைத்தே ஆகவேண்டும், அப்போதும் டயல் கேஜ் வேண்டும். மெயின் பேரிங் ஆட்டத்தையும் ஆயில் சீல் கசிவையும் அது சரி செய்யாது, பேட்டரி இறங்கினால் சில கிட் பாயிண்டைவிடச் சீக்கிரம் படுத்துவிடும். வேறு வண்டியின் சிடிஐ-யை (எலக்ட்ரானிக் இக்னிஷன் பெட்டி) வெட்டி ஒட்டி மாட்டுகிற வேலையில், அதனுள்ளே என்ன அட்வான்ஸ் கர்வ் (எந்த வேகத்தில் எவ்வளவு அட்வான்ஸ் என்ற கணக்கு) இருக்கிறது என்று மாட்டுகிறவருக்கே தெரியாமல் இருந்தால் ஒதுங்கிவிடுங்கள்.

எப்போதாவது ஞாயிற்றுக்கிழமை காலையில் எடுக்கிற வண்டி என்றால் பாயிண்டே இருக்கட்டும். தாம்பரத்தைத் தாண்டி நின்றுபோனாலும் ஒரு விசிட்டிங் கார்டை வைத்துத் துடைத்துக் கிளப்பிவிடலாம்.

எங்களிடம் ட்ரயம்ப் போனவில் இருக்கிறது. அதற்கும் இதே முறையா?

பாயிண்ட், கன்டென்சர், கேப் பற்றிச் சொன்னதெல்லாம் பொருந்தும். டைமிங் வைப்பது பொருந்தாது. அதில் ஆட்டோ அட்வான்ஸ் உண்டு, 650 யூனிட் எஞ்சினுக்கு முழு அட்வான்ஸில் 38 டிகிரி. எஞ்சின் ஓடும்போது ஸ்ட்ரோப் லைட்டில் (ஒவ்வொரு பொறிக்கும் மின்னுகிற விளக்கு) பார்ப்பதுதான் நல்லது, வெயிட் ஸ்பிரிங் தொய்ந்திருந்தால் நிற்கும்போது சரியாகவும் ஓடும்போது தப்பாகவும் காட்டும்.

எத்தனை நாளைக்கு ஒருமுறை பார்க்கவேண்டும்?

புதுப் பாயிண்ட் மாட்டியிருந்தால் முதல் 500 கிலோமீட்டரில் கண்டிப்பாக ஒருமுறை. புதுக் குதிகால் கேமோடு ஒட்டி உட்காரும்வரை வேகமாகத் தேயும், அதற்குப்பின் நிதானமாகிவிடும். பிறகு 2000, 3000 கிலோமீட்டருக்கு ஒருமுறை கேப்பைப் பாருங்கள். கேப் மாறாமல் இருந்தால் டைமிங்கும் பெரும்பாலும் அங்கேயேதான் இருக்கும், கவரை மூடிவிட்டு ஓட்டலாம். மூடுவதற்கு முன் பாயிண்ட் ஒயர் ரோட்டரில் உரசாமல் கிளிப்புக்குள் போயிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.